காளிதாசனுக்குப் பதில் சொன்ன குரல்

நானும் அப்பாவும் கடைசியாகச் சேர்ந்து செய்த வேலை, கூடத்துக் காற்றாடியின் கெப்பாசிட்டரை மாற்றியது. நான் மலேசியாவின் கூலிம் ஹைடெக் பூங்காவில் பராமரிப்புப் பொறியாளர். அப்பா கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்தார். என் முகத்தைப் பார்க்க வேண்டியிராததால்தான் பேசினார் என்று நினைக்கிறேன்.

"ஞாயித்துக்கெழம யான் டவுனுக்குப் போவணும்மா. காடிய எடு, நீதான் ஓட்டணும். பிரேமாவதிகிட்ட ஒரு விசயம் சொல்லணும்."

"என்னாப்பா விசயம்?"

சொன்னார்.

அப்பா பெயர் அம்மாசி. மெர்போக் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். எல்லைக் காட்டில் கம்யூனிஸ்டுகளோடு சண்டை நடந்துகொண்டிருந்த எழுபதுகளில் இராணுவத்தில் சேர்ந்தார். பக்கத்து வீட்டுக் காளிதாசனும் கூடவே சேர்ந்தார். பிரேமாவதி அவருடைய தங்கை.

பயிற்சி முகாமில் விடியுமுன் எழுப்புவார்கள். துப்பாக்கியைத் தலைக்குமேல் தூக்கியபடி சேற்றில் ஓட்டம். ஒருவன் பிந்தினால் அத்தனை பேருக்கும் சோறு கிடையாது. அவர்கள் கண்முன்னே சோற்றை மண்ணில் கொட்டி பூட்ஸால் மிதிப்பார் சார்ஜன் தர்மலிங்கம். அவரும் தோட்டத்துப் பிள்ளைதான்.

"தொரைக்கு சலாம் போட்ட கைதானேடா? வலிக்குதோ? ஒங்காத்தா வந்து புடிப்பாளா?"

ஒருநாள் காட்டு நடையில் காளிதாசன் பின்தங்கினார். மாலையில் பெயர் கூப்பிட்டபோதும் வந்து சேரவில்லை. தோட்டத்துப் பெரட்டில், காலை ஆள்கணக்கெடுப்பில், ஒருவர் தாமதமானால் பக்கத்தில் நிற்பவர் குரல் கொடுத்துவிடுவது வழக்கம். பெயர் படிக்கும் கிராணி நிமிர்ந்து பார்க்கமாட்டார், தாமதமானவரின் அன்றைய கூலி போகாது. அப்பா அதையே செய்தார். மழை இருட்டில், காளிதாசன் பெயருக்கும் "ஹாடிர்", இருக்கிறேன், என்றார். பின்னால் வந்துகொண்டிருப்பான் என்று நினைத்தார். எல்லோருக்கும் சோறு கிடைத்தது.

ஆள்கணக்கு சரியாக இருந்ததால் யாரும் தேடவில்லை. மறுநாள் காளிதாசனின் உடலை ஓடையில் கண்டெடுத்தார்கள். கணுக்கால் எலும்பு வெளியே வந்திருந்தது. முழங்கைகளில் தோல் இல்லை. ஊர்ந்து வந்திருக்கிறார்.

மாலையில் முகாமில் இருந்தவன் காலையில் காட்டில் கிடந்தால் அவன் தப்பியோடியவன். அப்படித்தான் எழுதினார்கள்.

"ஓடுன நாயி," என்றார் சார்ஜன், பிணத்தைக் காலால் புரட்டி.

சாப்பிட்ட யாரும் வாய் திறக்கவில்லை. அப்பாவும்.

தோட்டத்தில் பிரேமாவதியை 'ஓடிப்போனவன் தங்கச்சி' என்றே கூப்பிட்டார்கள். பேசிய சம்பந்தங்கள் முறிந்தன. கல்யாணம் ஆகவே இல்லை. இப்போது யானில் தனியாக இருக்கிறார்.

"நான் போன்ல சொல்லிடறேன்பா," என்றேன்.

"நீ சொல்லக்கூடாது. நான்தான் சொல்லணும். அவ என் மூஞ்சில துப்புனா துப்பட்டும்லா."

வியாழக்கிழமை குளியலறையில் விழுந்தார். மருத்துவமனைக்குப் போகும் வழியிலேயே உயிர் போய்விட்டது.

பிரேமாவதி இறுதிச் சடங்குக்கு வந்தார். சவப்பெட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"எங்கண்ணன ஓடுனவன்னு ஒருநாளும் சொல்லாத மனுசன் இவரு ஒருத்தர்தான்மா."

"ஞாயித்துக்கெழம ஒங்கள பாக்க வரணும்னு இருந்தாரு, அத்தை."

"என்னயவா? எதுக்கு?"

பெட்டியைத் தூக்குகிறவர்கள் உள்ளே வந்துவிட்டார்கள். அவரை விலகி நிற்கச் சொன்னார்கள்.