உபதேசியார் எழுதிய பரீட்சை

கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்குப் பின்னால் இருக்கிற காலனிச் சபையின் உபதேசியார் சாலமோன், ஆரணி மோசஸின் இளைய மருமகன். மோசஸ் ஆண்டைகளின் கழனியில் கூலிக்குப் போனவர். மருமகன் இரும்புக் கம்பெனியில் உலையோரம் நிற்கிறவர். படிப்பு எட்டாவது. பத்தொன்பது வருஷமாகச் சம்பளமில்லாத பிரசங்கம். ஆயருக்கு ஒன்பது சபைகள். இங்கே மாசத்தில் ஒரு ஞாயிறு தலைகாட்டுவார். மற்ற ஞாயிறும், சாவும், ஆஸ்பத்திரி ஜெபமும் சாலமோன் தலையில்.

சனிக்கிழமை ஆனால் ஆயர் போன் போடுவார்.

“நாளைக்கு என்ன செய்தி சாலமோன்? வாட்ஸ்அப்ல பேசி அனுப்பு, சரிபார்க்கணும்.”

ஆயர் சரிபார்த்ததோடு விடமாட்டார். வாரத்துக்கு இரண்டு சபையாக மற்ற எட்டுச் சபையிலும் அதையே பேசுவார். சாலமோன் மனைவி விக்டோரியாவின் அக்காளை அந்த எட்டில் ஒன்றில்தான் கொடுத்திருந்தது. அதனால் விக்டோரியாவுக்கு எல்லாம் தெரியும்.

“பேதுரு நெருப்பண்ட குளிர்காஞ்சிக்கினே ஏசுவத் தெரியாதுன்ன கதைய, தானே உலையண்ட வேல செஞ்ச மாதிரி பேசுனாராம்யா உங்க ஐயா!”

“போவட்டும், வசனம் போய்ச் சேந்தா சரி” என்றார் சாலமோன்.

இந்த வருஷம் மேலிடம் உத்தரவு போட்டது: உபதேசியார்கள் பரீட்சை எழுதி சர்டிபிகேட் வாங்க வேண்டும், இல்லாதவர் பிரசங்கிக்கக் கூடாது. சாலமோன் மூன்று நாள் லீவு போட்டுப் படித்து, அந்தப் பேதுரு பிரசங்கத்தையே எழுதிவிட்டு வந்தார். திருத்தியவர் ஆயரின் வாயால் அதைக் கேட்டிருந்தவர். விடைத்தாளில் சிவப்பு மையால் எழுதினார்: “ஆயருடைய செய்தியைத் திருடியது. தோல்வி.”

அந்தச் சனிக்கிழமையும் போன் வந்தது.

“பெயிலானவன் பேச்சு உங்களுக்கு எதுக்குங்க ஐயா?” என்று சாலமோன் வைத்துவிட்டார்.

பிரசங்கிக்க வேறு ஆளில்லாததால் ஞாயிறன்று ஆயரே வந்தார். பிரசங்க மேடையேறி, நாலு நிமிஷம் பேசினார், இரண்டு முறை தண்ணீர் குடித்தார். பிறகு, “இப்போது சகோதரர் சாலமோன் சாட்சி சொல்லுவார்” என்றார்.

செயலாளர் தானியேல் எழுந்தார். “ஐயா, சர்டிபிகேட் இல்லாதவரு பேசக் கூடாதே?”

“அது பிரசங்கத்துக்கு. சாட்சிக்கு ஏதுய்யா சர்டிபிகேட்டு?”

பெண்கள் பக்கமிருந்து விக்டோரியா, “கர்த்தர் செஞ்சதச் சொல்லவும் பரீட்ச எழுதணுமாண்ணா?” என்றாள். தானியேல் உட்கார்ந்துவிட்டார்.

சாலமோன் மேடை ஏறவில்லை. கீழேயே மைக்கைப் பிடித்தார்.

“உலையண்ட நிக்கறப்ப மேனேஜர் வந்து, ‘சங்கத்துல சேந்த வரதன் உன் சினேகிதனா?’ன்னு கேட்டாரு. எனக்குத் தெரியாதுன்னுட்டேன். மறுநாளு அவனுக்கு வேல போச்சி. எங்கூட ஒரே தட்டுல நாஷ்டா துன்னவன். இத்தன வருசமும் பேதுருவச் சொன்னேனே ஒழிய, என்னிய சொல்லல.”

கடைசி வரிசையில் இருந்த வரதன் தலையைக் குனிந்துகொண்டான். ஆயர் மேடையை விட்டு இறங்கி, பாயில் உட்கார்ந்து கேட்டார்.

அன்றைய பதிவேட்டில் தானியேல் எழுதினார்: “செய்தி: நாலு நிமிடம். சாட்சி: நாற்பது நிமிடம். விதிமீறல் ஏதுமில்லை.”