குளத்தங்கரையில் அண்ணிக்குக் கேட்டது

என் அண்ணி யாரோடு நடந்தாலும் அவர்களுக்கு இடப்பக்கமாகவே நடப்பார். சாலையைக் கடக்கும்போது பக்கம் மாறிவிட்டால், செருப்பு வாரைச் சரிசெய்வதுபோல் குனிந்து பின்தங்கி, ஒரு சுற்றுச் சுற்றி மறுபடியும் இடப்பக்கம் வந்துவிடுவார். சாப்பாட்டு மேசையிலும் இடது தோள் சுவரில் படுகிற நாற்காலிதான் அவருக்கு வேண்டும். நான் அந்த வீட்டுக்கு மருமகளாய்ப் போன முதல் வருடமே இதைக் கவனித்தேன். யாரிடமும் சொல்லவில்லை.

அண்ணி என்றால் என் கணவரின் அக்கா. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில் வேலை. அங்கே ஆளுயரத் துவைக்கும் இயந்திரங்கள் நாள் முழுக்கத் தடதடவென்று சுழலும். பக்கத்தில் நிற்பவளிடம்கூடக் கையைக் காட்டித்தான் பேச வேண்டும். அந்த இரைச்சலில் அவருடைய இடது காது முழுதாய்ப் போயிற்று, வலது பாதி போயிற்று. ஓய்வு பெற்றபோது ஒரு சுவர்க்கடிகாரம் கொடுத்தார்கள். அது மணி அடித்தால் நாங்கள் எல்லோரும் நிமிர்ந்து பார்ப்போம். அண்ணி நாங்கள் பார்ப்பதைப் பார்த்துவிட்டு நிமிர்வார்.

ஓய்வுக்குப் பிறகு அவருக்கென்று மிச்சம் இருந்தது கோயிலில் ஞாயிறு பள்ளி வகுப்பு ஒன்றுதான். சின்னப் பிள்ளைகள் பைபிள் வசனங்களை மனப்பாடமாய் ஒப்பிக்கிற வகுப்பு. சனிக்கிழமையே படங்களை வெட்டி ஒட்டி, பென்சில்களைச் சீவி வைத்துவிடுவார். நான் படிப்பைப் பாதியில் விட்டவள், பாடம் சொல்லிக்கொடுக்க வராது. கடைசி பெஞ்சில் உட்கார்ந்து பிள்ளைகளுக்கு மூக்குத் துடைத்துவிடுவேன். ஒரு பிள்ளை சரியாகச் சொல்லி முடித்தால் தலையை ஆட்டுவேன். தப்பாகச் சொன்னால் குனிந்துகொள்வேன். அண்ணி என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "ரொம்ப நல்லா சொன்னே" என்பார், அல்லது "எங்கே, இன்னொரு தடவை" என்பார். இப்படிச் செய்யலாம் என்று நாங்கள் ஒருநாளும் பேசிக்கொண்டதில்லை.

ஒரு ஞாயிறு எனக்குக் காய்ச்சல், வகுப்புக்குப் போகவில்லை. அன்றைக்கு ஒரு வாண்டு பல்பொடி விளம்பரத்தை வசனம்போல் பயபக்தியோடு ஒப்பித்துப் பாராட்டு வாங்கிவிட்டது. விஷயம் போதகரம்மா வரைக்கும் போனது.

"பாவம், வயசாயிடுச்சு. வகுப்பை வேற யார்கிட்டயாவது குடுத்துடலாமா?" என்று அவர் என்னையே கேட்டார்.

"தெரியலம்மா" என்று சொல்லிவிட்டு நழுவினேன். பயணம் போய்வந்து முடிவு செய்யலாம் என்று தள்ளிவைத்தார்கள். அண்ணிக்கும் அது எட்டிவிட்டது. "இதையும் புடுங்கிட்டா ஞாயித்துக்கிழமை நான் என்னடி பண்றது? சுவத்தைப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கறதா?" என்றார்.

பயணம் என்றது, வேதத்தில் வரும் இடங்களைப் பார்க்க எங்கள் சபையார் கிளம்பிய புனிதப் பயணம். அண்ணிக்குத் துணையாக என் கணவர் என்னை அனுப்பினார். கூட்டத்துக்குத் தலைவர் சபைச் செயலர். கையில் மைக் கிடைத்தால் இறக்கி வைக்கமாட்டார், அதனால் எல்லோருக்கும் அவர் மைக் மாமா. முதல் சில நாட்கள், மற்றவர்கள் சிரித்தால் சிரித்து, கண்ணை மூடினால் மூடி, அண்ணி ஒப்பேற்றிவிட்டார்.

பல வருஷம் படுக்கையில் கிடந்தவன் எழுந்து நடந்ததாக வேதம் சொல்கிற குளத்துக்குப் போன அன்று நல்ல கூட்டம். அங்கே சத்தமாகப் பேசக்கூடாதாம். அதனால் வழிகாட்டி ஆளுக்கொரு சின்னப் பெட்டி கொடுத்தார். அதைக் கழுத்தில் தொங்கவிட்டு, வயரைக் காதில் செருகிக்கொண்டால், முன்னால் போகிறவர் மைக்கில் மெல்லப் பேசுவது எல்லோருக்கும் கேட்கும். வழிகாட்டி ஆங்கிலத்தில் சொல்லச் சொல்ல, மைக் மாமா தமிழில் சொல்லிக்கொண்டு போனார்.

அண்ணி வயரை வலது காதில் செருகினார். பெட்டியின் ஓரத்தில் இருந்த சக்கரத்தை அதற்குமேல் திரும்பாத மட்டும் திருகினார். படியில் வைத்த கால் அப்படியே நின்றது.

"கேக்குது!"

தன் குரலின் அளவு தனக்குத் தெரியாததால் கத்தியே விட்டார். எல்லோரும் திரும்பினார்கள்.

"எனக்குக் கேக்குதும்மா! ஒவ்வொரு வார்த்தையும் கேக்குது! இத்தனை வருஷமா ஒண்ணுமே சரியா கேட்டதில்ல!"

போதகரம்மா வாயைப் பொத்திக்கொண்டார். மைக் மாமா குளத்தைப் பார்த்தார், அண்ணியைப் பார்த்தார். "ஸ்தோத்திரம்! அதே குளம்! சகோதரிக்குச் செவி திறந்துடுச்சு!" என்று மைக்கிலேயே முழங்கினார். பெண்கள் அண்ணியைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். போதகரம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "இனிமே வகுப்பைப் பத்திப் பேச்சே இல்ல. உங்களை விட்டா யாரு?" என்றார்.

இத்தனையும் சொன்னவர்கள் ஆளாளுக்குக் காதில் அதே வயரைச் செருகிக்கொண்டுதான் நின்றார்கள். ஒருவருக்கும் தோன்றவில்லை. எனக்குத் தோன்றியது. வாயைத் திறக்கவில்லை.

பஸ்ஸில் ஏறியதும் வழிகாட்டி பெட்டிகளைத் திருப்பி வாங்கிக்கொண்டார். "நாளைக்குக் காலையில பஸ்ஸுலயே சாட்சி சொல்லணும். ஊருக்குப் போனதும் சபையில பெருசா வெச்சுக்கலாம்" என்றார் மைக் மாமா. அண்ணி அவர் வாயையே பார்த்துவிட்டுத் தலையசைத்தார்.

அறைக்கு வந்ததும் கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். "போச்சுடி. பெட்டியக் குடுத்ததும் பழையபடி ஆயிடுச்சு."

செருப்பைக் கழற்றிக்கொண்டே என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"அற்புதம்னே சொல்லிடவா? வகுப்பு நிலைச்சுடும்."

அவர் வலது காதருகே குனிந்தேன். அதுவரை அவரிடம் நான் அவ்வளவு நீளமாகப் பேசியதில்லை. "சொல்லுங்க அண்ணி. ஆனா அப்புறம் நான் சாகுற வரைக்கும் கடைசி பெஞ்சுல உக்காந்து தலையாட்டணும். எனக்கு ஒரு காய்ச்சல்கூட வரக்கூடாது."

என்னை உற்றுப் பார்த்தார். பிறகு சிரித்துவிட்டார். "பூனை மாதிரி இருந்துக்கிட்டு என்னா பேச்சு பேசுறா பாரு" என்றார். விளக்கை அணைத்துவிட்டார். என்ன முடிவு செய்தார் என்று தெரியாமலே நான் படுத்தேன்.

காலையில் மைக் மாமா மனசே இல்லாமல் மைக்கை நீட்டினார். அண்ணி முன் இருக்கையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"நேத்து நடந்தது அற்புதம் இல்லீங்க. பெட்டி."

ஸ்தோத்திரம் சொல்லத் தயாராக இருந்தவர்கள் திரும்பி மைக் மாமாவைப் பார்த்தார்கள்.

"பெட்டி வழியா கர்த்தர் செய்யக்கூடாதாம்மா?" என்றார் மைக் மாமா, அவர் முகத்துக்கு நேராக வந்து நின்று.

"தாராளமா செய்யலாம். ஆனா பெட்டியத் திருப்பி வாங்கிட்டாங்களே! ஒண்ணு மட்டும் லாபம். உங்க குரல் இவ்வளவு கீச்சுக் குரல்னு நேத்துதான் தெரிஞ்சுது."

பின்னால் யாரோ களுக்கென்று சிரிக்க, பஸ் முழுக்கச் சிரித்தது. மைக் மாமா முகம் சுண்டி, கடைசியில் தானும் சிரித்தார்.

அண்ணி சிரிக்கவில்லை. "பிள்ளைங்க வசனம் சொல்றது எனக்குக் கேக்காது. இவ தலையாட்டுவா, அதைப் பாத்துச் சொல்வேன். வகுப்பை எடுத்துக்கறதா இருந்தா எடுத்துக்குங்க. பொய் சொல்லி வெச்சுக்க மனசு வரல" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

போதகரம்மா எழுந்து வந்து எங்கள் பக்கத்தில் நின்றார்.

"ஏங்க, பெட்டியில கேக்குதுன்னா காதுல மெஷின் வெச்சாலும் கேக்கும்தானே? எங்க அப்பா வெச்சிருந்தாரே. இதைச் சொல்றதுக்கா இத்தனை வருஷம்?"

நான் அதை அண்ணியின் காதில் திருப்பிச் சொன்னேன்.

"செவிட்டு டீச்சர்னு பேர் வெச்சுடுவாங்கன்னு பயம்மா."

"மெஷின் போட்டுக்குங்க. அப்புறம் யார் யார் அப்படிச் சொல்றாங்கன்னு உங்களுக்கே கேக்கும்" என்றார் போதகரம்மா. பிறகு குனிந்து, ஒவ்வொரு வார்த்தையாக, "முதல்ல காதைப் பாருங்க. வகுப்பு உங்களோடதுதான்" என்றார்.

அண்ணி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. அன்றைக்குப் போன மலையைப் பற்றி யாராவது கேட்டால் எனக்கு ஒன்றும் தெரியாது. எல்லோரும் இறங்கிப் போய் ஜெபித்துவிட்டு வருகிற வரைக்கும் பஸ்ஸிலேயே தூங்கிப்போனேன். அண்ணியும் என்னை எழுப்பவில்லை.

ஊர் திரும்பியதும் காது மருத்துவரிடம் போனோம். இடது காதுக்கு வழியில்லை என்று சொல்லிவிட்டார். வலது காதில் இப்போது மெஷின் இருக்கிறது. வகுப்பை அண்ணிதான் நடத்துகிறார். ஒரு சொல் விட்டாலும் மூன்று தடவை சொல்லவைக்கிறார் என்று தாய்மார்கள் குறைப்படுகிறார்கள். இப்போது தலையாட்ட ஆள் வேண்டாம். நான் அந்த வகுப்புக்குப் போவதில்லை.