எந்த பிளாக் என்று கேட்ட நர்ஸ்

எண்பதுகளில் நாங்கள் குடியிருந்த டவுன்ஷிப்பை ஒட்டிய கிளினிக்கில் ஒரு நர்ஸ் இருந்தார். ஒல்லியான உருவம், ஓயாமல் அலையும் கண்கள். காய்ச்சலில் கிடந்த என் மகளுக்குப் பென்சிலின் ஊசி போட்டுவிட்டு, "எந்த பிளாக்குங்க, குவார்ட்டர்ஸ் நம்பர் என்ன?" என்றார். சீட்டில் எழுதத்தான் கேட்கிறார் என்று நினைத்தேன். சாயங்காலம் சைக்கிளில் வந்து வாசலில் நின்றார்.

"பாப்பா நல்லா இருக்குதுங்களா?"

"ஏன் சிஸ்டர், ஊசியில ஏதாவது தப்பாயிடுச்சா?" என்று பதறினேன்.

"இல்லீங்க. போன மாசம் ஒரு புள்ளைக்கு இதே ஊசிய, ஒத்துக்குதான்னு டெஸ்ட் பண்ணித்தான் போட்டேன். வூடு போய்ச் சேர்றதுக்குள்ள உசுரு பூடுச்சி. உம்மேல தப்பில்லன்னு டாக்டரே சொல்லிட்டாரு. ஆனா, ஊசி போட்ட புள்ளைங்கள பாக்காம சோறு எறங்கலீங்க."

மகள் அவரைக் கண்டதும், "ஊசிக்காரம்மா!" என்று அலறிக் கட்டிலடியில் ஒளிந்தாள். அந்த அலறலில்தான் அவர் முகம் தெளிந்தது. அடுத்த பிளாக்குக்குச் சைக்கிளை மிதித்தார்.

மகள் வளர்ந்துவிட்டாள். அவள் சத்தம் சற்று நேரம் கேட்காவிட்டால் எனக்கு இன்னும் பதறுகிறது.