கேட்காமல் நிரம்பிய பெட்டி

ஓசூரில் நான் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் உதிரிபாகத் தொழிற்சாலைக்கு, புதிதாக வேலைக்குச் சேருகிறவர்களின் விவரங்களைப் பதிய நான்தான் வெப்சைட் எழுதிக் கொடுத்தேன். அதில் 'படிக்கும் மொழி' என்று ஒரு பெட்டி; பயிற்சி, தேர்வு எல்லாம் அந்த மொழியில்தான் வரும். யாரும் எதையும் தேர்ந்தெடுக்காவிட்டால் தானாகவே தமிழ் என்று பதிவாகும்படி டேட்டாபேஸிலேயே டிஃபால்ட் வைத்திருந்தேன். ஃபார்மைத் திறந்தாலும் அதுவே நிரம்பி நிற்கும். ஒரு கிளிக் மிச்சம் என்று எனக்கு ஏகப் பெருமை.

கர்நாடக எல்லையோரத் தளியிலிருந்து கம்பெனி பஸ்ஸில் வரும் பெண் ஒருத்தி அசெம்பிளிப் பிரிவில் புதிதாகச் சேர்ந்தாள். வாய் ஓயாது. கேன்டீனில் என்னைப் பார்த்தால், "கம்ப்யூட்டரண்ணா, இன்னிக்காச்சும் உங்க மிஷினு வேலை செய்யுதா?" என்று எல்லோர் முன்னாலும் கலாய்ப்பாள். எனக்கு அவளை ரொம்பப் பிடிக்கும். அவள் லீவு போட்ட நாளில் கேன்டீனே வெறிச்சென்றிருக்கும்.

அப்படிப்பட்டவள் டேப்லெட்டில் நடக்கும் பாதுகாப்புத் தேர்வில் இரண்டு முறை ஃபெயில். மூன்றாவது முறையும் போனால் வேலை கிடையாது. எனக்குக் கோபம் வந்துவிட்டது. "பேச்சுல இருக்கற கவனம் இதுல இருக்க வேணாமா?" என்று திட்டினேன். அவள் சிரித்து மழுப்பினாள்.

கடைசித் தேர்வன்று பக்கத்தில் போய் நின்றேன். கேள்வியைப் பார்க்காமலேயே முதல் விடையை அழுத்தினாள்.

"படிச்சுட்டு அழுத்தும்மா."

"தமிழ் பேசத்தான் வரும்ணா. நான் படிச்சதெல்லாம் கன்னட ஸ்கூல்ல."

"மொதல்லயே சொல்றதுக்கென்ன?"

"யாருண்ணா கேட்டாங்க? ஃபார்ம்ல ஏற்கெனவே தமிழ்னு இருந்துச்சு. கம்பெனி ரூல் போலன்னு இருந்துட்டேன்."

திட்டியதை நினைத்து நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. தேர்வை நிறுத்தி, மொழியைக் கன்னடமாக மாற்றி, முதலிலிருந்து தொடங்க வைத்தேன். கால் மணி நேரத்தில் முடித்துவிட்டாள், ஒரு தப்பில்லை. "பாத்தீங்களா?" என்று புருவத்தைத் தூக்கினாளே, அந்தத் திமிருக்கே வேலை கொடுக்கலாம்.

அன்றே டிஃபால்ட்டை ஃபார்மிலும் டேட்டாபேஸிலும் எடுத்துவிட்டேன். ஆளைக் கேட்டு மொழியை நிரப்பாமல் ஃபார்ம் இனி நகராது. ஆபீஸில் வேலை கூடிவிட்டதாக முனகினார்கள். முனகட்டும்.

பிறகு, அவளுக்கு முன்பு மூன்று முறையும் ஃபெயிலாகி வீட்டுக்குப் போனவர்களின் பதிவுகளைத் திறந்தேன். எல்லோருக்கும் தமிழ் என்றே இருந்தது. எது அவர்கள் சொன்னது, எது அவர்களைக் கேட்காமல் நான் எழுதியது என்று கண்டுபிடிக்க வழியே இல்லை.