லேசான டிரான்ஸ்பார்மர்

நான் மின்வேலைக்குப் போன தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து நிறுத்துக் கணக்கெழுதும் கிராணி அவர். மழையில் நனைந்த கொழுந்துக்குத் தண்ணீர்க் கனம் கழித்துக் கழித்து, கனமான எதையுமே நம்பமாட்டார். ஈரம் அளக்கும் 110 வோல்ட் மிஷினுக்கு நான் கேட்ட டிரான்ஸ்பார்மரைத் தானா ராத்தா டவுன் கடையில் தூக்கிப் பார்த்து வைத்துவிட்டு, லேசான ஆட்டோ டிரான்ஸ்பார்மரை வாங்கிவந்தார்.

“நான் கேட்டதுல ரெண்டு சுருள் தனித்தனியா இருக்கும், ஐயா. இதுல ரெண்டு பக்கத்துக்கும் ஒரே சுருள்தான். அடிப்பாதி அறுந்தா லைன்ல வர்ற 240 வோல்ட்டும் அப்படியே மிஷினுக்குள்ள பாயும்!” என்று தலைபாடாய் அடித்துக்கொண்டேன்.

“ரெண்டும் அதே வேலைதானே லா,” என்றார்.

கடைசியில் சுருள் அறுந்து மிஷின் எரிந்தேபோனது. ஆத்திரத்தோடு போய் நின்றேன். கருகிய டிரான்ஸ்பார்மரைக் கையிலேந்திக் கனம் பார்த்துக்கொண்டிருந்தார்.

“வெந்தும் கனம் குறையல பாருங்க, தம்பி. தண்ணியே கலக்காத சாமான்!”