பேசாத அத்தான் சொன்னது

நம்புகிறவர்கள் நம்பட்டும், சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும். இதில் நான் கண், காது, மூக்கு வைத்துச் சேர்த்தது எதுவும் இல்லை. அத்தனையும் என் அத்தான் தன் வாயாலேயே சொன்னது. அவருக்குக் கதை கட்டத் தெரியாது. ஒரு கேள்வி கேட்டால் "ம்" என்பார். மறுபடி கேட்டால் "ம்ம்" என்பார். "இந்த மனுஷன்கிட்ட ஒரு வார்த்தை வாங்குறதுக்குள்ள என் தொண்டைத் தண்ணி வத்திடுது" என்று என் அக்கா புலம்பாத நாள் கிடையாது. அப்படிப்பட்டவர் அன்று ஒரே மூச்சில் எல்லாவற்றையும் கொட்டினார்.

அத்தானின் தங்கை மூளை ஆராய்ச்சி செய்கிறாள். நாம் ஒரு சொல்லைத் தேடி எடுக்கும்போது மூளையில் எந்த இடம் வேலை செய்கிறது என்று ஸ்கேனில் பார்ப்பது அவள் வேலை. ஓர் ஆள் குறைந்தது. அண்ணனைப் பிடித்துவிட்டாள்.

"திரையில ஒரு பெயர்ச்சொல் வரும். உடனே தோணுற வினைச்சொல்லை மனசுக்குள்ளயே சொல்லு. வாயைத் திறக்கக் கூடாது, அசையக் கூடாது. உனக்குத்தான் அது கைவந்த கலையாச்சே!"

தலையைக் கூண்டு மாதிரி ஒன்றுக்குள் வைத்துப் பூட்டினார்கள். காதில் பஞ்சு. கண்ணுக்கு மேலே சின்னக் கண்ணாடி, அதில் திரை தெரியும். வலது கையில் ஒரு ரப்பர் பந்து. பயமாக இருந்தால் அழுத்தலாம், வெளியே மணி அடிக்கும். பலகை நகர்ந்து அவரைக் குழாய்க்குள் தள்ளியது. மூக்குக்கு மேலே ஒரு சாண்கூட இடமில்லை.

டக்... டக்... டக்...

'பாட்டு' என்று வந்தது. பாடு, என்று நினைத்தார். எந்திரத்தின் சத்தத்துக்கு நடுவே மெல்லிசாக யாரோ முனகுவது போல இருந்தது. எந்திரம்தான் என்று விட்டுவிட்டார்.

'கதவு.' திற. உள்ளங்கால்களில் ஜில்லென்று காற்று பட்டது. தங்கை ஏதோ எடுக்க வந்திருக்கிறாள் என்று நினைத்தார்.

'விளக்கு.' அணை.

இருட்டு. திரை மட்டும் எரிந்தது.

'பந்து.' எறி... கையிலிருந்த பந்தை யாரோ பிடுங்கினார்கள். எங்கோ தரையில் அது உருண்டு போனது. அப்போதுதான் அவருக்குப் புரிந்தது. வினை என்று அவர் நினைத்ததெல்லாம் கட்டளை. அதைக் கேட்டு ஒன்று செய்துகொண்டிருக்கிறது.

கத்திப் பார்த்தார். எந்திரத்தின் இரைச்சல் அதை விழுங்கிவிட்டது.

'கை.' வேண்டாம், எதையும் நினைக்கக் கூடாது... பிடி.

பிடித்தது.

ஈரமான விரல்கள். மணிக்கட்டு நொறுங்குவது போல வலித்தது.

டக்... டக்...

'உயிர்.'

எடு, விடு, போ... எல்லாம் முட்டிக்கொண்டு வந்தன.

பல்லைக் கடித்தார்.

கொடு...

பிடி தளர்ந்தது.

பலகை வெளியே வந்தபோது விளக்கு எரிந்துகொண்டிருந்தது. கதவு சாத்தியிருந்தது. "பந்தை ஏண்ணா தூக்கிப் போட்ட?" என்று தங்கை கேட்டாள். யாரும் உள்ளே வரவில்லையாம்.

"எடுன்னு நினைச்சிருந்தா என் கதை முடிஞ்சிருக்கும். கொடுன்னு சொல்லித் தப்பிச்சேன்" என்று அத்தான் என்னிடம் சொல்லிச் சிரித்தார். எனக்கும் உயிர் வந்தது.

போன வாரம் அந்தத் தங்கை என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். முகம் வெளுத்திருந்தது. 'உயிர்' என்ற சொல்லை அவள் வைக்கவே இல்லையாம். ஸ்கேன் படங்களைக் காட்டினாள். ஒவ்வொரு சொல்லுக்கும் இடது பக்கம் ஓர் இடம் தணல் போலப் பளிச்சிட்டது. கடைசிப் படத்தில் அது அணைந்திருந்தது.

"மறுபடி கூப்பிட்டு ரெண்டு தடவை எடுத்துப் பார்த்துட்டேன். அப்படியேதான் இருக்கு. சொல்லை உருவாக்குற இடமே அதுதான். அது இப்படி அணைஞ்சு கிடந்தா ஒருத்தரால ஒரு வார்த்தைகூடப் பேச முடியாது."

"அத்தான் என்கிட்ட மணிக்கணக்கா பேசினாரே..."

அவள் கடைசிப் படத்தை மறுபடி என் பக்கம் நகர்த்தினாள்.

நேற்று அக்கா போன் செய்தாள். குரலில் அப்படி ஒரு சந்தோஷம்.

"உங்க அத்தான் இப்பல்லாம் எவ்வளவு பேசுறார் தெரியுமாடா? தூக்கத்துலகூட நிறுத்துறதில்ல."