மருமகள் மேசையில் இருந்த ஜெர்மன் கடிதம்

எனக்கு எழுபத்திரண்டு வயது. ஐந்து பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கியவள். எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். நான் சொல்ல, பேத்தி ஜெனி எழுதுகிறாள்.

மருமகள் ஸ்டெல்லா வீட்டிலிருந்தே ஒரு ஜெர்மன் கம்பெனிக்கு எச்.ஆர். வேலை பார்க்கிறாள். அவர்களுக்கு ஸ்பெயினிலும் ஆட்கள் உண்டு. ஒரு ஜெர்மன் கடிதத்தை ஸ்பானிஷில் மாற்றித்தர ஆள் கிடைக்காமல் இரண்டு நாளாக அவளுக்குச் சாப்பாடே இறங்கவில்லை.

"நம்ம கான்வென்ட் சிஸ்டர் ரெண்டு நாட்டுலயும் நர்ஸா இருந்தவங்கதானே?" என்றேன்.

"ஆபீஸ் விஷயம் அத்தை, நீங்க சும்மா இருங்க."

எனக்குச் சுருக்கென்றது. மறுநாள் அவள் மீட்டிங்கில் இருந்தபோது, மேசையில் இருந்த கடிதத்தை எடுத்துக்கொண்டு ராஜகீழ்ப்பாக்கம் கான்வென்ட்டுக்கு ஷேர் ஆட்டோ ஏறிவிட்டேன்.

சிஸ்டர் இரண்டு வரி படித்ததும் மடித்துவிட்டார். "இதுல அந்தக் கம்பெனியில வேலை பார்க்கிற ஒரு பொண்ணோட வியாதியைப் பத்தி இருக்கும்மா. வெளியில போனா உங்க மருமக வேலையே போயிடும். வேற யார்கிட்ட காட்டுனீங்க?"

ஆட்டோவில் பக்கத்தில் இருந்தவளிடம் பெருமையாகக் காட்டியிருந்தேன். நல்லவேளை, அவளுக்கும் ஜெர்மன் தெரியாது.

ஸ்டெல்லாவிடம் நானே போய்ச் சொன்னேன். அவள் கத்தவில்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது. நடந்ததை ஆபீசில் சொல்லி, அனுமதி வாங்கி, அந்தப் பெண்ணின் பேரை மறைத்து, ஸ்பானிஷில் மாற்றித்தர சிஸ்டரிடமே கொடுத்தாள். "ஆளைச் சரியாத்தான் புடிச்சீங்க அத்தை. தூக்கிட்டுப் போனதுதான் தப்பு."

இப்போது எனக்குப் படிக்கத் தெரியாத காகிதம் எதையும் கேட்காமல் தொடுவதில்லை.

ஜெனி, முதல்லேருந்து வாசி. அந்தப் பொண்ணு யாருன்னு தெரியற மாதிரி எங்கேயாவது வந்திருந்தா அந்த வரியை அடிச்சிடு.